ஏற்காடு இறக்கமும் டர்போ கார்களும்: வாசகர் கேள்வி–பதில்

வேகமான கார்கள், பந்தயம், கார் சந்தை பற்றிச் சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஏற்காட்டுச் சாலையைப் பற்றியவை. எனவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: என்னுடையது 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், 120 பிஎஸ், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். நான்கு பேருடன் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, அடிவாரம் வர இன்னும் நாலைந்து வளைவு இருக்கையில் கருகல் வாடை வந்தது. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. அடிவாரத்தில் அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தால் எல்லாம் சரியாகிவிட்டது. சர்வீஸில் காட்டினேன். பேடு பாதிக்கு மேல் இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். பெரிய டிஸ்க் போடலாமா? – ர.கி., அஸ்தம்பட்டி

பதில்: டிஸ்க்கை விடுங்கள். கோளாறு பிரேக் ஆயிலில் இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளே அதைச் சொல்லிவிடுகின்றன.

பெடல் கல் மாதிரி இறுகி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், பேடு சூடேறிப் பிடியை இழந்துவிட்டது என்று பொருள். பெடல் மெத்தென்று உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகிவிட்டது என்று பொருள். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், பேடை டிஸ்க்கில் அமுக்கும் காலிப்பருக்குப் போய்ச் சேராது. சூடு தணிந்ததும் ஆவி மறுபடி திரவமாகி, பெடல் பழையபடி ஆகிவிடும். மறுநாள் சர்வீஸில் யார் பார்த்தாலும் எதுவும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

ஏன் கொதித்தது? ஒரு சின்னக் கணக்கு. நான்கு பேருடன் உங்கள் வண்டி சுமார் 1,400 கிலோ. மலைமேலிருந்து அடிவாரம் வரை உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,100 மீட்டர். இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 1.5 கோடி ஜூல். டயர் உராய்வும் காற்றும் தின்றது போக 1.1 கோடி ஜூலாவது மிஞ்சும். எஞ்சின் தடுக்காவிட்டால் அத்தனையும் பிரேக்கில் வெப்பமாக இறங்க வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் போகும் அதே வண்டியை அடுத்தடுத்து 20 தடவை முழுசாக நிறுத்துவதற்கு இது சமம். அதுவும் 30, 35 கி.மீ. வேகத்தில் இறங்குவதால் டிஸ்க்கை ஆற்றக் காற்றும் போதாது.

பிரேக் ஆயிலின் தரத்தை டாட் எண் சொல்லும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பெரும்பாலான சர்வீஸ் பில்களில் "டாப் அப்" என்று மட்டுமே இருக்கும். அது மாற்றியதாகாது. உங்கள் பழைய பில்களை எடுத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: சீல் உடைக்காத டாட் 4 ஆயில் ஒரு லிட்டர் வாங்குங்கள். எப்போதோ திறந்து மீதி வைத்த பாட்டில் வேண்டாம். மேலே தொட்டியில் இருக்கும் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்ய, அதாவது குழாயில் இருக்கும் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும், அந்த வரிசையை மாற்றக் கூடாது. கறுப்பாக வருவது போய்த் தேன் நிறத்தில் தெளிவாக, குமிழி இல்லாமல் வரும்வரை விட வேண்டும். நடுவில் தொட்டி காலியாகிக் காற்று புகுந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு ஸ்கேனர் வைத்துத்தான் எடுக்க முடியும். டாட் 5 என்று எண் மட்டும் போட்டு வருவது சிலிகான் ஆயில், அதைக் கலந்துவிடாதீர்கள். 5.1 வேறு, 5 வேறு.

அடுத்தது இறங்கும் முறை. டி-யில் போட்டுவிட்டால் கியர்பாக்ஸ் பெட்ரோலை மிச்சப்படுத்தப் பார்த்து மூன்றாவது, நான்காவது கியருக்கு ஏறிவிடும், எஞ்சின் பிடிக்காது. மேனுவல் மோடுக்குத் தள்ளி இரண்டாவது கியரில் வையுங்கள். 3,000, 3,500 ஆர்பிஎம் சத்தம் கேட்டால் பதற வேண்டாம். கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். ஏறின கியரிலேயே இறங்கு என்று சங்ககிரி லாரி ஓட்டுநர்கள் சொல்வது காருக்கும் பொருந்தும். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் போகும் லாரிகளின் கதையும் இதே வெப்பக் கதைதான்.

பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராதீர்கள். வளைவுக்கு முந்தைய நேர் சாலையில் அழுத்தமாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் காலை முழுசாக எடுத்துவிடுங்கள். விட்ட இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி 20 நிமிடம் நிறுத்துங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். பெடல் உள்ளே போய்விட்டால் வேகவேகமாக நாலைந்து தடவை அடியுங்கள், கொஞ்சம் அழுத்தம் கிடைக்கும். கியரைக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சிறுகச் சிறுக இழுத்து மலைப்பக்கமாக ஒதுங்குங்கள்.

பெரிய டிஸ்க் போட்டால் முன்–பின் பிரேக் பங்கீடு கெடும், ஏபிஎஸ் கணக்கும் தவறும். வெந்து பளபளப்பாகியிருந்தால் பேடை மட்டும் நல்ல தரத்தில் மாற்றுங்கள். புதுப் பேடைப் பழக்க, ஆளில்லாத நேர் சாலையில் 60-லிருந்து 10 கி.மீ.க்கு எட்டு பத்துத் தடவை நிறுத்தாமல் குறைத்துவிட்டு, பிறகு பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள்.

கேள்வி: என் 1.2 லிட்டர் கார் ஐந்து பேருடன் பத்தாவது வளைவிலேயே மூச்சு வாங்குகிறது. நண்பரின் 1.0 டர்போ சர்ரென்று ஏறுகிறது. என் எஞ்சினில் கோளாறா? – செ., கன்னங்குறிச்சி

பதில்: கோளாறு இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றி அதை ஈடுகட்டிவிடும். அதைவிடப் பெரிய காரணம் டார்க், அதாவது எஞ்சினின் சுழற்று விசை. 1.2 எஞ்சினில் 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்பிஎம் தாண்டித்தான் கிடைக்கும். 1.0 டர்போவில் 170-ஐ ஒட்டி, 1,500-லிருந்தே கிடைக்கும். நீங்கள் வளைவுக்கு முன்பே முதல் கியருக்கோ இரண்டாவதுக்கோ வந்து, எஞ்சினை 3,500-க்கு மேல் வைத்திருங்கள். மூன்றாவதில் போட்டு மிதித்தால் வண்டி திணறத்தான் செய்யும்.

கேள்வி: பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்க ஆசை. 2016 மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஸ்டேஜ் 1 ரீமேப் செய்த வண்டி, அதாவது எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டிய வண்டி என்கிறார்கள். வாங்கலாமா? – பா.ம., சூரமங்கலம்

பதில்: அந்த வண்டியை வேண்டாம் என்போம். போலோவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

2016 மாடலில் இருப்பது 1.2 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். அதோடு வருவது ஏழு கியர் டிஎஸ்ஜி என்ற டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டிக்யூ200 என்ற வகை. உள்ளே இரண்டு உலர் கிளட்ச். எண்ணெயில் ஊறாத கிளட்ச் என்பதால் வெப்பத்தை வெளியேற்ற வழி குறைவு. ஐந்து ரோடு நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போவதும், ஏற்காட்டு மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டராலேயே வண்டியை நிறுத்தி வைப்பதும் அதற்கு எமன். இந்தக் கியர்பாக்ஸ் தாங்கும் உச்ச டார்க் 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்தவர்கள் எஞ்சினை அந்த எல்லையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். விற்பவர் அதைப் பெருமையாகச் சொல்வார், கிளட்ச் தேய்மானத்தைப் பற்றிப் பேச மாட்டார்.

போய்ப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது தாமதமோ இடியோ இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கை விட்டு ஊர விடும்போதும், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போதும் நடுக்கம் வந்தால் கிளட்ச் வேலை காத்திருக்கிறது. மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டு யூனிட்டில் எண்ணெய் அழுத்தம் நிற்காமல் போவது இந்த வகைக்குத் தெரிந்த நோய். ஸ்கேனர் போட்டுக் கியர்பாக்ஸின் பிழைக் குறியீடுகளையும், இரண்டு கிளட்சின் தேய்மான அளவையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பிவிடுங்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின் என்பதால் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது, அங்கே கரி படியும். குளிர்ந்த நிலையில் ஐட்லிங் தடுமாறினால் அதையும் சந்தேகப்படுங்கள்.

எங்கள் யோசனை: 2020 முதல் 2022 வரை வந்த 1.0 டிஎஸ்ஐ போலோவைத் தேடுங்கள். 110 பிஎஸ், டார்க் அதே 175. அதில் ஆட்டோமேட்டிக் என்றால் ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர், எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் வகை. மேட்டில் ஊர்ந்தாலும் எரிய அதில் உலர் கிளட்ச் கிடையாது. மேனுவலும் ஆறு கியர்தான். மலையடிவாரத்தில் குடியிருப்பவருக்கு இதுதான் சரியான போலோ.

கேள்வி: 15 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 17 போட்டால் வளைவில் பிடி கூடுமா? – ஜாகீர் அம்மாபாளையம் வாசகர்

பதில்: 185/65 ஆர்15 என்றால் டயரின் பக்கச் சுவர் 120 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 என்றால் 107. 205/45 ஆர்17 என்றால் 92. மொத்த விட்டம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. ஆனால் 92-ல் ஒரு குழி பட்டால் ரிம் வளையும். மழைக்குப் பிறகு வளைவு ஓரங்களில் சரளை கொட்டிக் கிடக்கும் சாலைக்கு 16-ஐத் தாண்ட வேண்டாம். பிடி வேண்டுமென்றால் அளவைவிட ரப்பரைப் பாருங்கள். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். ஐந்து வருடப் பழைய டயர், பள்ளம் தேயாமல் இருந்தாலும், ஈரத்தில் வழுக்கும்.

கேள்வி: பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்குள் உண்மையான வேகக் காரை ஏன் எந்தக் கம்பெனியும் கொடுப்பதில்லை? நம் ஊரில் வாங்க ஆள் இல்லையா? – வி.த., ஆத்தூர்

பதில்: வாங்க ஆள் இருக்கிறது. வரி அமைப்புதான் இடம் கொடுப்பதில்லை. 2006 பட்ஜெட்டிலிருந்து நம் நாட்டில் "சிறிய கார்" என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரம்புக்குள் இருப்பதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, வரம்பைத் தாண்டினால் 40. இடையில் படியே கிடையாது. அதனால் ஆசைப்பட்டு 1.4 லிட்டர் எஞ்சின் வைக்கும் கம்பெனி, அதே நீளத்தில் இருந்தாலும் பெரிய காருக்கான வரியைக் கட்ட வேண்டும்.

இதற்குச் சாட்சி ஃபியட் அபார்த் புன்டோ. 2015-ல் 145 பிஎஸ், 212 நியூட்டன் மீட்டருடன் பத்து லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. 4 மீட்டருக்குள் அடங்கும் கார், ஆனால் 1,368 சிசி. வரிச் சலுகை கிடைக்கவில்லை, விற்பனையும் எடுபடவில்லை. அதற்குப் பிறகு 10 லட்சத்தைச் சுற்றி அந்தச் சக்தியில் ஹேட்ச்பேக் வரவே இல்லை. பலேனோ ஆர்எஸ் 102 பிஎஸ்ஸோடு நின்றது. ஐ20 என் லைன் 998 சிசியில் 120 பிஎஸ். எல்லாரும் 1.0 டர்போவிலேயே சுற்றுவதற்கு இதுதான் காரணம். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 2025-ல் வந்தபோது முழுக்க இறக்குமதி என்பதால் விலை 53 லட்சம்.

சிசியை வைத்து வரி போடுவது காலாவதியான முறை என்பது எங்கள் உறுதியான கருத்து. டர்போ வந்த பிறகு சிசிக்கும் சக்திக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. வெளியிடும் புகையை அளந்து வரி போட்டால் பொறியாளர்கள் கை கட்டப்படாது. இப்போதைக்கு உங்கள் பணத்துக்கு நல்ல வேகம் வேண்டுமென்றால், இரண்டு மூன்று வருடம் ஓடிய 1.5 டிஎஸ்ஐ ஸ்கோடா ஸ்லாவியாவையோ ஃபோக்ஸ்வாகன் வெர்டஸையோ பாருங்கள். 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். மலைக்கு மேனுவல் எடுங்கள். இதன் டிஎஸ்ஜியும் உலர் கிளட்ச்தான், 250 என்பது அதன் உச்ச எல்லையைத் தொட்டு நிற்கிறது.

கேள்வி: குப்பனூர் வழி ஏற்காட்டுச் சாலையில் அதிகாலை ஆள் இருக்காது. நண்பர்கள் நேரம் குறித்து ஓட்டிப் பார்க்கிறோம். முழு ரேஸ் இல்லையே, இது தப்பா? – பெயர் வேண்டாம், அயோத்தியாப்பட்டணம்

பதில்: தப்பு. நேரம் குறித்தாலே சட்டத்தின் கண்ணில் அது வேகப் போட்டி. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில், மாநில அரசின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ வைத்தால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை ஒரு வருடம் வரை. வண்டி இன்சூரன்ஸ் பாலிசியிலும் பந்தயம், வேகச் சோதனை இரண்டையும் விலக்கி எழுதியிருப்பார்கள், எடுத்துப் படியுங்கள். சட்டம் இருக்கட்டும். அதிகாலையில் அந்தப் பாதையில் பால் வண்டியும், எஸ்டேட் வேலைக்கு நடந்து போகிறவர்களும், காட்டெருமையும் வருவார்கள். குருட்டு வளைவுக்குப் பின்னால் நிற்பவருக்கு உங்கள் கடிகாரம் தெரியாது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே சேலத்திலிருந்து மூன்று மணி நேரம்தான். சொந்த வண்டியைப் பந்தயத்தளத்தில் ஓட்ட விடும் டிராக் நாள் நடக்கும் தேதி பார்த்துப் போங்கள்.

போவதற்கு முன்: புது டாட் 4 அல்லது 5.1 ஆயில், பாதிக்கு மேல் இருக்கும் பேடு, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கிய வீல் போல்ட், அதிகபட்சக் குறியை ஒட்டி எஞ்சின் ஆயில். காருக்குள் ஜாக்கி, தண்ணீர் பாட்டில், தரை விரிப்பு எதுவும் இருக்கக் கூடாது. நான்கைந்து சுற்றிலேயே டயர் காற்று ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறிவிடும், சூடாக இருக்கும்போதே அளந்து இறக்குங்கள். வீட்டுக்குத் திரும்பும் முன், டயர் ஆறியதும் பழைய அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி முடியுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள், கொதிக்கும் டிஸ்க்கில் பேடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுக் கல் வையுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. சிமுலேட்டரில் நன்றாக ஓட்டுகிறான், ரேஸ் டிரைவர் ஆக வேண்டும் என்கிறான். சேலத்தில் இருந்துகொண்டு முடியுமா? – ஒரு தாய், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: தொடங்கலாம் அம்மா. சிமுலேட்டர் பாதையின் கோட்டையும் பிரேக் புள்ளியையும் கற்றுக்கொடுக்கும். உடம்பில் ஏறும் விசையையும் வெயிலையும் கற்றுத் தராது. அதனால் முதல் படி கார்ட்டிங், சின்னப் பந்தய வண்டி ஓட்டுவது. பந்தயத்துக்கான உரிமத்தை எஃப்எம்எஸ்சிஐ என்ற இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு தருகிறது. வயது வரம்பு வகைக்கு வகை மாறும். அடுத்த படி, பந்தயத்தளத்தில் நடக்கும் பயிற்சிப் பள்ளி, அதன் பிறகு ஃபார்முலா எல்ஜிபி போன்ற ஒற்றை இருக்கை வண்டிகள். மாருதி எஞ்சின் வைத்துக் கோவையில் உருவான வகை அது. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-லும் சென்னையின் கருண் சந்தோக் 2010-லும் ஃபார்முலா 1 வரை போனார்கள். இந்தியாவிலிருந்து அங்கே ஓட்டியவர்கள் இந்த இருவர்தான். அதனால் அவன் படிப்பை நிறுத்தாதீர்கள். இந்த விளையாட்டில் திறமைக்கு அடுத்தபடியாக, சில சமயம் அதற்கு முன்பே, பணம் தேவைப்படும். நுழைவுக் கட்டணத்தைவிட டயரும், இடித்த பிறகான பழுதும்தான் கையைக் கடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பைக் ஹெல்மெட் போட்டுப் பந்தயக் கார் ஓட்டக் கூடாது. கார் பந்தய ஹெல்மெட்டின் உள்துணி தீப்பிடிக்காதது, ஸ்னெல் எஸ்ஏ அல்லது எஃப்ஐஏ என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கும். தீ தாங்கும் உடையும் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் சாதனமும் அதே போல முத்திரை பார்த்து வாங்குங்கள். பழையது வாங்கினால் தைத்த லேபிளில் இருக்கும் வருடத்தைக் கவனியுங்கள்.

ஓட்டுநர் இருக்கைக்குச் செலவு தாங்காவிட்டால் ராலியில் நேவிகேட்டர் இருக்கை இருக்கிறது. எழுதி வைத்த சாலைக் குறிப்பை வளைவு வருவதற்கு முன்பே வாசித்துச் சொல்லும் வேலை, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நன்றாக வரும். பொறியியல் படிக்கும்போது ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி அணியோடு போகலாம், அதுவும் கோவை டிராக்கில்தான் நடக்கிறது. மாணவர்கள் தாங்களே வண்டி கட்டி ஓட்டுவார்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் எஸ்யூவி வாங்கியிருக்கிறேன். ஏற்காட்டில் தங்கும் விடுதியில் சார்ஜ் போட்டு 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். வழக்கமாக ஆக்ஸிலரேட்டரை விட்டால் பிடித்து நிறுத்தும் வண்டி, அன்று சும்மா உருண்டது. ஏன்? – ம.சு., ஓமலூர்

பதில்: பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்தை வைக்க இடம் இல்லை. அதனால் வண்டியே ரீஜெனை (மோட்டாரே வண்டியைத் தடுத்து மின்சாரம் எடுப்பதை) குறைத்துவிடும், சுமை முழுவதும் சாதாரண பிரேக்குக்கு வந்துவிடும். ஆட்களோடு 1,700 கிலோ எடையில் சேலத்திலிருந்து ஏற்காடு ஏற, உயரத்துக்கு மட்டும் ஐந்தரை யூனிட் செலவாகும். இறங்கும்போது அதில் ஏறக்குறைய பாதி திரும்பும். மேலே 85 சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், ரீஜெனை உச்ச நிலையில் வைத்து இறங்குங்கள். வண்டி கனமானது என்பதால் உங்களுக்கும் முதல் பதிலில் சொன்ன பிரேக் ஆயில் கணக்கு உண்டு: இரண்டு வருடம், டாட் 4.